பேஸ்பால் வீரர் ஓடானிக்கு ஆண்டுச் சம்பளம் 20 லட்சம் டாலர்தான் என்றால் அவருடைய டாட்ஜர்ஸ் அணி ஆடம்பர வரியிலிருந்து தப்பிவிட்டதா?

தப்பவில்லை; சுமை குறைந்தது, அவ்வளவுதான். 2023 டிசம்பரில் ஷோஹேய் ஓடானி ஒப்புக்கொண்டது 10 ஆண்டுக்கு 70 கோடி டாலர். அதில் 68 கோடி தள்ளிவைக்கப்பட்டது. 2034 முதல் 2043 வரை ஆண்டுக்கு 6.8 கோடியாக, வட்டியில்லாமல் அவருக்குப் போகும்.

அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலில் சம்பள உச்சவரம்பு இல்லை, ஆடம்பர வரி உண்டு: அணியின் மொத்தச் சம்பளம் ஓர் எல்லையைத் தாண்டினால் கட்ட வேண்டிய வரி. 2024இல் அந்த எல்லை 23.7 கோடி டாலர். முதல்முறை தாண்டினால் மிகுதித் தொகையில் 20 சதவீதம், அடுத்த ஆண்டும் தாண்டினால் 30, மூன்றாம் ஆண்டிலிருந்து 50. மிக அதிகமாகத் தாண்டினால் கூடுதல் வரியும் சேரும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: வரிக்கணக்கு அந்த ஆண்டு கொடுத்த ரொக்கத்தை வைத்து அல்ல, ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியை வைத்து. தள்ளிவைத்த பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்த பிறகே சராசரி போடுவார்கள். பத்தாண்டு கழித்து வரும் 6.8 கோடியின் இன்றைய மதிப்பு சுமார் 4.4 கோடி. கையில் தரும் 20 லட்சத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 4.6 கோடி.

ஆக, 7 கோடியோடு ஒப்பிட்டால் வரிக்கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 2.4 கோடி இடம் மிச்சம். ஒரு நல்ல தொடக்கப் பந்துவீச்சாளரை எடுக்க அது போதும். இதை ஏமாற்று என்று சொல்வது நியாயமில்லை. இதே விதி 30 அணிகளுக்கும் திறந்தே இருக்கிறது.