மோட்டார்ஹோமுக்குப் பின்னால் ஜீப்

கேள்வி: டெக்சாஸில் மோட்டார்ஹோம் (தங்கும் வசதியுள்ள பெரிய வண்டி) வைத்திருக்கிறோம். ஆட்டோமேட்டிக் ஜீப் ராங்லரை நான்கு சக்கரமும் தரையில் உருள, பின்னால் இழுத்துப் போக கியரை நியூட்ரலில் போட்டால் போதுமா?

பதில்: போதாது. பலரின் கியர்பாக்ஸ் போனதே அப்படித்தான். எஞ்சின் ஓடினால்தான் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் சுற்றும். அணைந்த நிலையில் சக்கரங்கள் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் தண்டைச் சுழற்றினால் எண்ணெயின்றிக் கருகிவிடும். ராங்லரில் டிரான்ஸ்ஃபர் கேஸை (கியர்பாக்ஸின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். அப்போது சக்கரங்களுக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பு அறுந்துவிடும். எஞ்சினை ஓடவிட்டு ரிவர்ஸ், டிரைவ் இரண்டிலும் போட்டுப் பாருங்கள், வண்டி அசையக்கூடாது. பிறகு எஞ்சினை அணைத்து, கியரைப் பார்க்கில் வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்தீர்களா? மறப்பவர்கள் நிறைய.

டோ பார், அதாவது இரண்டு வண்டிகளையும் இணைக்கும் இழுவைக் கம்பி, ஏறக்குறைய மட்டமாக இருக்கட்டும். அதன் இரு முனைகளின் உயர வித்தியாசம் 4 அங்குலத்தைத் தாண்டினால், அதைச் சரிசெய்யும் டிராப் ரிசீவர் என்ற இணைப்பை மாட்டுங்கள். பாதுகாப்புக் கேபிள்களை டோ பாருக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். ஜீப்புக்குத் தனியாகத் துணை பிரேக்கும், இணைப்பு அறுந்தால் அதை இயக்கும் பிரேக்அவே சுவிட்சும் வேண்டும். இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஜீப் பின்னால் மாட்டியிருக்கும்போது ரிவர்ஸ் மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். ஜீப்பின் முன்சக்கரங்கள் ஒரேயடியாகத் திரும்பி டோ பாரை வளைத்துவிடும். சிக்கிக்கொண்டால் கழற்றிவிட்டுத்தான் திருப்ப வேண்டும்.