பெயர் இல்லாமல் வார்டுப் படத்தைப் பகிரலாமா?

பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவமனைப் பணியாளர்கள், பெயரை மறைத்துவிட்டு வார்டுப் படங்களை வாட்ஸ்அப்பில் பகிரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், கூடாது. பணியின்போது அறிந்த நோயாளியின் ரகசியங்களை மருத்துவர் வெளியிடுவதை இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகள் தடுக்கின்றன. தொற்றைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிப்பது அதற்கு விலக்கு, நண்பர்கள் குழுவுக்குத் தெரிவிப்பது விலக்கன்று. பெயரை எழுதாவிட்டாலும், கட்டிலருகே ஸ்டூலில் இருக்கும் தூக்குவாளியின் மூடியில் வெட்டிய பெயரே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். கடலூர் முதுநகரில் "துறைமுகத்தில் மீன் ஏலம் விடுபவர்" என்றாலே போதும், மாலைக்குள் அவர் வீட்டுத் தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும்.

பொதுவான தற்காப்புத் தகவல்களைத் தாராளமாகப் பகிரலாம். ஆனால் ஆக்சிஜன் படுக்கை காலியாக உள்ளது என்பது போன்ற செய்தியில் நாளையும் நேரத்தையும் செய்திக்குள்ளேயே எழுதுங்கள்; படுக்கை நிரம்பிய பிறகும் அது பல நாள் சுற்றிக்கொண்டேயிருக்கும்.