அண்ணாவின் மரணமும் ‘தகவல் இல்லை’ என்ற பதிலும்

கேள்வி: லண்டன் ஹரோவில் இருந்து எழுதுகிறேன். குடும்பம் பிரிந்த பிறகு என் அண்ணாவின் சம்பளத்தில் பிள்ளைப் பராமரிப்புக் காசு பிடித்து வந்தார்கள். பழைய நிலுவையும் சேர்ந்துகொண்டது. நான்கு மாதங்களுக்கு முன் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்த அறவீட்டுக்கு உட்பட்டிருந்தவர்களில் எத்தனை பேர் இப்படி இறந்திருக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்டேன். ‘அப்படியான தகவல் எங்களிடம் இல்லை’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. மரண விசாரணை இன்னும் நடக்கவில்லை. நான் வேறு என்ன செய்யலாம்?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். மரண விசாரணை இன்னும் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம். அது முடிந்துவிட்டால் திரும்பத் திறப்பது மிகக் கடினம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2009ஆம் ஆண்டின் மரண விசாரணைச் சட்டப்படி இறந்தவரின் சகோதரியும் ‘அக்கறையுள்ள நபர்’ ஆவார். நீங்கள் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை, அது உங்கள் உரிமை. விசாரணை அதிகாரியான கொரோனருக்கு எழுதி அவரிடம் உள்ள ஆவணங்களைக் கேட்கலாம், சாட்சிகளிடம் கேள்வியும் கேட்கலாம். அண்ணாவின் பராமரிப்புக் கோப்பு, கடிதங்கள், தொலைபேசி உரையாடல்களின் குறிப்புகள் எல்லாவற்றையும் பராமரிப்புக் காசை அறவிட்ட அரச அலுவலகத்திடம் இருந்து பெறும்படி கொரோனரை இப்போதே கேளுங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும் உரியது. ஆகவே அதைக் காட்டி அண்ணாவின் கோப்பை நீங்கள் நேரே வாங்க முடியாது. ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லும் அதிகாரம் கொரோனருக்கு உண்டு.

‘அரச அலுவலகத்தின் முடிவு இந்த விசாரணைக்கு வெளியே’ என்று சிலர் சொல்லக்கூடும். 2023 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கை உங்கள் வழக்கறிஞருக்குச் சொல்லுங்கள். அது உதவிப்பணம் நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணின் மரணம் பற்றியது. அந்த நிறுத்தம் அவருடைய மனநிலையைப் பாதித்ததா என்று ஆராய புதிய விசாரணை நடத்த வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. பராமரிப்பு அறவீட்டுக்கும் அதே வாதத்தை வைக்கலாம் என்பது என் கருத்து. கொரோனர் யாரையும் குற்றவாளி என்று தீர்க்கமாட்டார். ஆனால் இன்னொரு உயிர் போகும் ஆபத்து இருக்கிறது என்று கண்டால் அந்த அலுவலகத்துக்குத் தடுப்பு அறிக்கை அனுப்புவது அவருடைய கடமை. அலுவலகம் 56 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அறிக்கையும் பதிலும் வழமையாகப் பகிரங்கமாக வெளியாகும். அந்த அறிக்கையை அனுப்பும்படி கொரோனரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல் விட்டுப் பிறகு வருந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த ஒரு வரிப் பதிலுக்கு வருகிறேன். 2000ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டம், ஏற்கெனவே பதிவில் உள்ளதைத்தான் தரச் சொல்கிறது, புதிதாகக் கணக்கெடுத்துத் தரச் சொல்லவில்லை. மரணத்துக்கான காரணம் கொரோனரின் முடிவில் இருக்கும், பராமரிப்பு நிலுவை, உதவிப்பணத்தையும் பிள்ளைப் பராமரிப்பையும் நடத்தும் வேலை, ஓய்வூதியத் திணைக்களத்தின் கணினியில் இருக்கும். இரண்டையும் யாரும் பொருத்திப் பார்க்காதவரை ‘இல்லை’ என்ற பதில் சட்டப்படி சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அப்படி யாரும் இறக்கவில்லை என்பது அதன் பொருள் அல்ல.

உதவிப்பண விடயத்தில் இதே கதைதான் நடந்தது. உதவிப்பணம் பெற்றவர்களின் மரணங்கள் பற்றித் திணைக்களம் தானே நடத்தி மறைத்து வைத்திருந்த 49 உள்ளக மீளாய்வுகள், ஒரு பத்திரிகையாளர் தீர்ப்பாயம் வரை போனதால் பெயர்கள் நீக்கப்பட்டு 2016இல் வெளிவந்தன. 2020 பெப்ரவரியில் தேசியக் கணக்காய்வு அலுவலகம், 2014-15க்குப் பிறகு உதவிப்பணம் பெற்றவர்களின் தற்கொலைகளில் குறைந்தது 69ஐத் திணைக்களம் ஆராய்ந்ததாகவும், உண்மையில் ஆராய்ந்திருக்கக்கூடியவை அதைவிட அதிகமாக இருக்கும் என்றும் சொன்னது. நிகரச் சம்பளத்தில் 40 வீதம் வரை பிடிக்கவும், நீதிமன்றத்துக்குப் போய் ஓட்டுநர் உரிமத்தைப் பறிக்கவும், ஆறு வாரம் வரை சிறைக்கு அனுப்பும்படி கேட்கவும் அதிகாரம் உள்ள ஒரு அமைப்பு, அதன் கீழ் இருந்தவர்கள் எப்படி இறந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கவும் கடமைப்பட்டது. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள். ‘அறவீட்டால் இறந்தவர்கள்’ என்று எழுதாதீர்கள், காரணத்தை அவர்கள் பதிவதில்லை. காசு கட்ட வேண்டிய பெற்றோர் இறந்ததால் மூடப்பட்ட கோப்புகள் நிதியாண்டு வாரியாக எத்தனை, அவற்றில் சம்பளப் பிடித்தம் நடந்துகொண்டிருந்தவை எத்தனை என்று கேளுங்கள். பிள்ளைப் பராமரிப்பு தொடர்பாகத் தொடங்கிய உள்ளக மீளாய்வுகள் எத்தனை, அவற்றில் தற்கொலை அல்லது அப்படிச் சந்தேகிக்கப்பட்டவை எத்தனை என்றும் கேளுங்கள். தற்கொலை எண்ணத்தைச் சொல்பவரிடம் ஊழியர் எப்படி நடக்க வேண்டும் என்று திணைக்களம் வைத்திருக்கும் ஆறு அம்சத் திட்டத்தின் பிரதியையும் சேர்த்துக் கேளுங்கள். 20 வேலைநாட்களில் பதில் வர வேண்டும். 600 பவுண்ஸ் செலவு வரம்பைத் தாண்டும் என்று மறுத்தால், எப்படிச் சுருக்கிக் கேட்கலாம் என்று சொல்லித்தருவது அவர்களின் கடமை. இது சட்டத்தின் 16ஆம் பிரிவு. அதற்குப் பிறகும் மறுத்தால், பதிலை மீள்பரிசீலிக்கும்படி முதலில் அந்தத் திணைக்களத்தையே கேளுங்கள், பின்னர் தகவல் ஆணையாளரிடம் போகலாம். ஆணையாளரிடம் முறையிடக் கட்டணம் இல்லை. உங்கள் எம்.பி. மூலம் நாடாளுமன்றத்தில் எழுத்துக் கேள்வியும் கேட்பிக்கலாம். இரண்டு பதிவுகளையும் பொருத்தும்படி அரசாங்கத்தை நெருக்க அதுவே நல்ல வழி.

எண் கிடைத்தாலும், இன்ன மரணத்துக்கு அறவீடுதான் காரணம் என்று அது சொல்லாது. தற்கொலைக்கு ஒரே ஒரு காரணம் இருப்பது அரிது. பிள்ளைகளின் அம்மா மீது கோபம் திரும்பவும் இடம் கொடுக்காதீர்கள். அந்தக் காசு பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு உரியது. உங்கள் கேள்வி, அதை அறவிட்ட முறை பற்றியது.

அண்ணாவின் நிலுவையை உங்களிடம் கேட்க முடியாது. அவர் விட்டுச்சென்ற சொத்து இருந்தால் அதிலிருந்து மட்டும் கோரலாம். கடிதம் வந்தால் பயந்துபோய் உங்கள் கையால் கட்டிவிடாதீர்கள்.

நித்திரை இல்லாத இரவுகளில் சமாரிட்டன்ஸ் அமைப்பை 116 123இல் அழையுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், காசு இல்லை. மனநிலையை உங்கள் குடும்ப வைத்தியரிடமும் (ஜிபி) சொல்லுங்கள்.

கொரோனருக்கான கடிதத்தை இந்த வாரமே அனுப்புங்கள். அண்ணாவின் கைத்தொலைபேசியில் உள்ளவற்றை அழித்துவிடாமல், அவருக்கு வந்த கடிதங்களைத் திகதி வாரியாக அடுக்கி வையுங்கள். தகவல் கோரிக்கையை அடுத்த வாரம் எழுதலாம்.