வெயிலே வராத வீட்டில் செடி வளரவும் பூக்கவும் எந்த குரோ லைட் வாங்குவது?

கொருக்குப்பேட்டையில் தரைத்தள வீடு, சந்தின் இரண்டு பக்கமும் மாடிகள், வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. மணி பிளான்ட், மிளகாய், சாமந்தி, குண்டுமல்லி என நாலும் வைத்திருக்கிறீர்கள். வளர்வதற்கு நீல லைட், பூப்பதற்குச் சிவப்பு லைட் எனக் கடைக்காரர் இரண்டாக வாங்கச் சொல்கிறார், வாங்கலாமா என்பது கேள்வி.

இரண்டு வேண்டாம். நல்ல வெள்ளை எல்இடி ஒன்றே இரண்டுக்கும் போதும். கடைக்காரர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. நீலம் தண்டை நீளவிடாமல் குட்டையாக வைத்திருக்கும். 660 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கமுள்ள சிவப்பு ஒளிச்சேர்க்கைக்கு ரொம்பச் சிக்கனமானது. ஆனால் வெள்ளை எல்இடிக்குள் இரண்டும் இருக்கிறது. நீல சிப்பின் மேல் பாஸ்பர் என்ற, வெளிச்சத்தின் நிறத்தை மாற்றும் பொருளைப் பூசித்தான் வெள்ளை வெளிச்சமே வரவழைக்கிறார்கள். பச்சை வெளிச்சம் செடிக்கு வீண் என்பார்கள், அதுவும் சரியில்லை. இலை அதில் கொஞ்சத்தைத்தான் திருப்பி அனுப்பும், மீதி இலையின் அடி அடுக்கு வரை இறங்கி வேலை செய்யும். வெள்ளையின் சாயலைப் பெட்டியில் கெல்வின் என்ற எண்ணால் குறிப்பார்கள். 6500 கெல்வின் பல்பில் நீலம் கூடுதல், நாற்றுக்கு நல்லது. 3000 கெல்வினில் சிவப்பு கூடுதல். இரண்டுக்கும் நடுவே 4000 எடுத்தால் கடைசி வரை ஓட்டலாம். அதோடு கொஞ்சம் 660 சிவப்பும் சேர்ந்த பேனல் கிடைத்தால் இன்னும் நல்லது.

நீலமும் சிவப்பும் கலந்து வரும் ஊதா லைட்டை நான் பழைய வண்ணாரப்பேட்டை வீட்டில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். செடி வளரத்தான் செய்தது. ஆனால் அந்த வெளிச்சத்தில் இலை கறுப்பாகத் தெரியும். மஞ்சளடித்ததா, இலையடியில் மாவுப்பூச்சி ஏறியதா, ஒன்றும் புரியாது. ராத்திரியில் சந்து முழுக்க ஊதா வேறு. "இன்னாப்பா, வூட்டுல பார் தொறந்துட்டியா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டது தனிக்கதை.

நிறத்தை விட அளவுதான் முக்கியம், ஆளை ஏமாற்றுவதும் அதுதான். நம் கண் இருட்டுக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்ளும். அறையில் டியூப்லைட் போட்டால் நமக்குப் பளிச்சென்று இருக்கும், அங்கே சில நூறு லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். மொட்டைமாடியில் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். செடி அதற்குப் பழகியது. ஆகவே போனில் ஒரு லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு, செடியின் நுனி இருக்கும் இடத்தில் போனின் முன்பக்கத்தை லைட்டைப் பார்த்துத் திருப்பி அளந்துபாருங்கள். துல்லியம் இருக்காது, ஒப்பிட்டுப் பார்க்க உதவும். வெள்ளை எல்இடி என்றால் வந்த எண்ணை 70 ஆல் வகுத்தால், செடிக்குப் பயன்படும் வெளிச்சம் சதுர மீட்டருக்கு நொடிக்கு இத்தனை மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) என்று தோராயமாக வரும். (ஊதா லைட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது.) அதை லைட் எரியும் மணி நேரத்தாலும் 0.0036 ஆலும் பெருக்கினால் ஒரு நாளைய தீனி. 7000 லக்ஸ் என்றால் 100. 14 மணி நேரம் எரித்தால் 5. மணி பிளான்ட், பீஸ் லில்லிக்கு அது போதும். கீரைக்கு 12க்கு மேல் வேண்டும். மிளகாய் காய்க்க 20 தொட வேண்டும்.

"1000 வாட்" என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் லைட்டை நம்பாதீர்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் உண்மையில் இழுக்கும் கரண்ட் 100 வாட் என்று இருக்கும். கேட்க வேண்டியது ஒரு வாட்டுக்கு எத்தனை மைக்ரோமோல் என்று. நல்ல குரோ லைட் 2.5ஐத் தாண்டும். வீட்டுக்கு மாட்டும் சாதாரண எல்இடி பேட்டன் (டியூப்லைட் மாதிரி நீளமான பட்டை லைட்) ஒன்றரை பக்கம் தரும். அப்படியும் நான் முதலில் பேட்டனைத்தான் சொல்வேன். 20 வாட், நாலடி, 300 ரூபாய்க்குள் முடியும். கெட்டுப்போனால் தெருமுனைக் கடையிலேயே வேறு வாங்கலாம். நாலடிக்கு ஓரடி தட்டின் மேல் இரண்டு மாட்டினால் இலைச்செடிகள் கவலையில்லாமல் வளரும். நாலு மாட்டினால் கீரை நெருக்கி வரும். மிளகாய்க்கு இப்படி அடுக்கிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை, அங்கேதான் நல்ல பேனலுக்குக் காசு போடலாம். சதுர அடிக்கு 15 வாட் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 40 வாட் லைட் 12 மணி நேரம் எரிந்தால் 60 நாளுக்குக் கிட்டத்தட்ட 29 யூனிட்.

காசிமேட்டில் மீன் வரும் தெர்மாகோல் பெட்டி கிடைத்தால் கழுவிக் காயவைத்து, பக்கங்களை மட்டும் வெட்டி, செடித் தட்டைச் சுற்றி நிறுத்துங்கள். பக்கவாட்டில் சிதறிப் போகும் வெளிச்சம் திரும்பி இலைமேல் விழும். லக்ஸ் மீட்டரில் வைத்தும் எடுத்தும் பாருங்கள், தெரியும்.

இனி பூ. சாமந்திக்கு வெளிச்சத்தை விட ராத்திரிதான் முக்கியம். அது குறும்பகல் செடி, இடைவிடாத நீண்ட இருட்டு கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். சென்னையில் கோடையிலும் பகல் 13 மணி நேரத்துக்குள்தான், டிசம்பரில் பதினொன்றரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதனால் மாடியில் வைத்தவருக்கு இந்தச் சிக்கல் தெரியாது. வீட்டுக்குள் ஆசையாக 16 மணி நேரம் லைட் போட்டு வளர்த்தால் செடி தளதளவென்று புதராகும், பூ மட்டும் வராது. செடி தேவையான அளவு வளர்ந்ததும் 11 மணி நேரத்துக்குக் குறைத்து, மீதி 13 மணி நேரம் முழு இருட்டு கொடுங்கள். ரகத்தைப் பொறுத்து இரண்டு மாதமோ சற்றுக் கூடவோ ஆகும் பூக்க. நேரம் குறைகிறது, அதனால் லைட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி ஈடுகட்டுங்கள். நடு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து அறை லைட்டைப் போடுவது, ஜன்னல் வழியே விழும் தெருவிளக்கு, இவைகூட மொட்டைக் கெடுக்கலாம். ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடிவிடுவது எளிது.

இதற்கு டைமர் கண்டிப்பாக வேண்டும். சக்கரம் சுற்றும் டைமர் மலிவு, ஆனால் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். இரண்டு மணி நேர கட் என்றால், நீங்கள் திருத்தி வைக்கும் வரை இரண்டு மணி நேரம் தள்ளியே ஓடும். உள்ளே பேட்டரி இருக்கும் டிஜிட்டல் டைமர் வாங்குங்கள்.

மிளகாய்க்கு ராத்திரிக் கணக்கு கிடையாது, வெளிச்சம் வயிறார கிடைத்தால் பூக்கும். வீட்டுக்குள் காற்று இல்லாததால் பூவைக் காலையில் விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள், சின்ன ஃபேன் ஓடினாலும் சரி. சித்திரை, வைகாசியில் பூ உதிர்ந்தால் லைட்டைத் திட்டாதீர்கள், வீட்டுக்குள் ராத்திரியும் இறங்காத புழுக்கம்தான் காரணம்.

நம் பக்கம் கடல்காற்றில் உப்பு அதிகம். திருகு, கம்பி, கனெக்டர் எல்லாம் துருப்பிடிக்கும். தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது என்பதற்கான ஐபி65 குறி போட்டதை எடுங்கள். சூட்டில் முதலில் போவது எல்இடிக்குத் தக்கபடி கரண்டை மாற்றித் தரும் டிரைவர்தான், அது தனியாக வெளியே இருக்கும் மாடலாகப் பாருங்கள், மாற்றுவது சுலபம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் டிரைவர் மட்டும் தனியாகக் கிடைக்கும்.

குண்டுமல்லியை மட்டும் லைட்டை நம்பி வைக்காதீர்கள். முழு வெயில் கேட்கும் செடி அது. வீட்டுக்குள் அந்த அளவு வெளிச்சம் தர ஆகும் செலவுக்கு, பூவைக் கடையிலேயே வாங்கிவிடலாம். வீட்டு ஓனரிடம் பேசி மொட்டைமாடியில் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவுக்கு இடம் கேளுங்கள். கிடைத்தால் நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு கவாத்து செய்து விடுங்கள், மார்ச் வாக்கில் மொட்டு வரத் தொடங்கும்.