கலவரச் சட்டத்தை யார் வாசிக்கலாம்?

கேள்வி (ஒரு வாசகி, திண்டுக்கல்): ஆங்கில நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், பயிற்சியாளர் இடைவேளையில் வீரர்களுக்கு 'ரயட் ஆக்ட்'டை வாசித்தார் என்று போட்டிருந்தது. கால்பந்துக்கும் கலவரச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் மேலாளர் திட்டும்போதும் இப்படிச் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம். அடாவடி செய்கிறவர்களுக்குக் கடைசி எச்சரிக்கை விடுப்பதைத்தான் இந்த ஆங்கிலச் சொற்றொடர் குறிக்கிறது; ஆனால் எல்லாத் திட்டுக்கும் இது பொருந்தாது. ஏன் என்று தெரிய, பழைய பிரிட்டனுக்குப் போக வேண்டும்.

முதலாம் ஜார்ஜ் மன்னர் அரியணை ஏறிய புதிதில் அங்கே பல ஊர்களில் கலகம் மூண்டது. அதை அடக்க வந்த சட்டம் இது. 1715 ஆகஸ்ட் 1 முதல் அமலானது. 12 பேரோ அதற்கு மேலோ கூடி அமைதியைக் குலைத்தால், நீதிபதியோ மேயரோ அந்தக் கூட்டத்துக்கு அருகில் போய், சட்டத்தில் உள்ள அறிவிப்பை உரத்த குரலில் வாசிக்க வேண்டும். எல்லோரும் உடனே கலைந்து, அமைதியாக அவரவர் வீட்டுக்கோ தொழிலுக்கோ போகும்படி மன்னர் ஆணையிடுகிறார் என்பது அதன் சாரம். வாசித்து ஒரு மணி நேரம் ஆன பிறகும் கலையாதவர்களுக்கு மரண தண்டனை வரை விதிக்கலாம். உயிர் போகும் விஷயம் என்பதால், வாசிப்பில் ஒரு சொல்லும் குறையக் கூடாது. அறிவிப்பின் கடைசி வரி, 'கடவுள் மன்னரைக் காப்பாராக'. 1830-ல் வந்த ஒரு வழக்கில், அந்த வரியை விட்டுவிட்டதால் வாசிப்பே செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது! 1919 ஜனவரியில் கிளாஸ்கோவின் ஜார்ஜ் சதுக்கத்தில், வேலை நேரத்தைக் குறைக்கக் கோரித் திரண்ட தொழிலாளர்கள் முன் ஷெரிஃப் (அந்தப் பகுதியின் நீதிபதி) வாசிக்கத் தொடங்கியபோது, கூட்டத்திலிருந்து ஒரு கை நீண்டு தாளைப் பறித்துக்கொண்டது. இங்கிலாந்தில் சட்டம் 1967-ல் நீக்கப்பட்டது. அந்தச் சொற்றொடர் மட்டும் வாழ்கிறது.

இந்த வரலாற்றிலேயே உங்களுக்கான பதிலும் இருக்கிறது. வாசிப்பவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். எதிரே இருப்பவர்களின் அடாவடி இன்னும் ஓயாமல் இருக்க வேண்டும். 'இத்தோடு நிறுத்து, இல்லாவிட்டால் இன்னது நடக்கும்' என்ற கெடுவும் வேண்டும். நான் ஆங்கிலம் நடத்திய பள்ளியில், ஆசிரியர் வராத வேளையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிக் கும்மாளம் போடுவார்கள். தலைமை ஆசிரியர் வாசலில் வந்து நிற்பார். கையில் பிரம்பு இருக்காது. "இன்னொரு சத்தம் கேட்டால், நாளைக்கு அப்பாவோடுதான் உள்ளே வரவேண்டும்" என்பார். மறுபடி சத்தம் வராது. அவர் செய்ததுதான் 'ரயட் ஆக்ட்'டை வாசிப்பது.

ஆகவே, கடிதத்தில் எழுத்துப்பிழை விட்டதற்காக மேலாளர் உங்களைக் கடிந்துகொண்டால் அது வெறும் திட்டுதான். தினமும் தாமதமாக வருகிறவர்களை அழைத்து, "நாளை முதல் அரை நாள் விடுப்பாகக் கழிப்பேன்" என்று அவர் சொன்னால் தாராளமாக எழுதுங்கள். தமிழில் எழுதும்போது மட்டும், தயவுசெய்து 'கலவரச் சட்டத்தை வாசித்தார்' என்று எழுதாதீர்கள். சில மொழிபெயர்ப்புகளில் அதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. படிப்பவர் மைதானத்துக்குள் போலீஸ் புகுந்ததாக அல்லவா நினைப்பார்? 'கடைசி எச்சரிக்கை விடுத்தார்' என்ற நல்ல தமிழ் நம்மிடம் இருக்கிறதே.

கேள்வி (ஒரு வாசகர், நாகர்கோவில்): சர்க்கரை அளவு 300-ஐத் தாண்டிவிட்டது என்று மருத்துவர் என்னைக் கண்டித்தார். இதற்கும் அந்தத் தொடர் வருமா?

பதில்: மிகப் பொருத்தமாக வரும். 'இப்படியே இனிப்பு சாப்பிட்டால் சிறுநீரகம் கெடும்' என்று அவர் சொல்லியிருப்பார். அதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள், ஐயா. ஆங்கிலத்தில் சொல்வதானால், 'மை டாக்டர் ரெட் மீ த ரயட் ஆக்ட்'. நடுவில் வரும் 'த'வை விடக் கூடாது. இறந்தகாலத்திலும் எழுத்துகள் மாறாது; உச்சரிப்புதான் 'ரீட்' என்பதிலிருந்து 'ரெட்' ஆகும்.