ரசீதைக் கண்ணால் பார்த்தீர்களா?

கேள்வி: எனக்கு 47 வயது. கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். 2017 ஜனவரியில் என் தம்பி திண்டுக்கல்லில் செல்போன் கடை வைப்பதற்காக அம்மா தன் நகையைக் கொடுத்தார். மூன்று பவுனில் ஒரு சங்கிலி, ஒவ்வொன்றும் ஒரு பவுனில் நான்கு வளையல். தம்பி தன் பெயரில் ஒரு தனியார் ஃபைனான்ஸில் ஒரு லட்ச ரூபாய்க்கு அடகு வைத்தான். புதுக் கடை, உடனே வருமானம் வராது என்று வட்டியை நான் ஏற்றுக்கொண்டேன். அவனுக்கு அனுப்பிவிடுவேன், அவன் கட்டிவிடுவான். முதலில் மாதம் 1,000 ரூபாய். 2020 ஆகஸ்டிலிருந்து 1,800. 2024 மே மாதத்திலிருந்து 2,500. தங்கம் விலை ஏறியதால் வட்டியும் ஏறிவிட்டது என்று தம்பி சொன்னான். இதுவரை ஒன்றே முக்கால் லட்சம் போயிருக்கும். "இனி ஒரு பைசா அனுப்பாதே, மூழ்கினால் மூழ்கட்டும்" என்கிறார் என் கணவர். அம்மாவுக்கு 74 வயது, என்னோடுதான் இருக்கிறார். அந்த நகை என் மகள் கல்யாணத்துக்கு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அம்மாவின் ஞாபகமாயிற்றே என்று விடவும் மனம் வரவில்லை. தொடர்ந்து கட்டுவதா, விட்டுவிடுவதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: சகோதரி, அம்மாவின் ஞாபகம், கணவரின் கோபம், மகளின் கல்யாணம் என்று நிறைய எழுதியிருக்கிறீர்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியை. 'தங்கம் விலை ஏறியதால் வட்டியும் ஏறிவிட்டது.'

இதை உங்கள் தம்பி சொன்னபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள். மறுமாதம் 1,800 அனுப்பியிருப்பீர்கள். கம்பெனியில் ஒரு பண்டிலில் பத்து பீஸ் குறைந்தால் டெய்லரை நிற்க வைத்துக் கேட்பவர் நீங்கள். இரண்டு தடவை வட்டி ஏறியிருக்கிறது, இரண்டு தடவையும் ரசீதைக் காட்டு என்று கேட்கவில்லை. ஒன்பது வருடத்தில் அந்த ரசீதை ஒரு முறையாவது கண்ணால் பார்த்தீர்களா?

அடகில் வட்டி என்பது வாங்கிய பணத்துக்கு. நகைக்கு வட்டி கிடையாது. பவுன் விலை ஏறினாலும் இறங்கினாலும், வாங்கிய ஒரு லட்சம் ஒரு லட்சம்தான். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதம் 1,000. 2017இல் நீங்கள் அனுப்பியது இந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. அதே வட்டிக்கு 1,800 என்றால் கடன் 1,80,000. 2,500 என்றால் கடன் இரண்டரை லட்சம்.

தங்கம் விலை ஏறினால் மாறுவது ஒன்றுதான். அதே நகையின் மேல் கூடுதலாகப் பணம் வாங்கலாம். பழைய கணக்கை முடித்து, அதே நகையைக் கூடுதல் தொகைக்குத் திருப்பி வைத்து, வித்தியாசத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வருவது. தம்பி சொன்ன வரியில் உண்மை அந்த அளவுக்குத்தான் இருக்கிறது. 2017இல் பவுன் 22,000 ரூபாயை ஒட்டி இருந்தது. 2020 ஆகஸ்டில் 40,000க்கு மேல் போயிருந்தது. நகை மதிப்பில் 90 சதவீதம் வரை கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தளர்த்தியதும் அதே மாதம்தான். ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்த வியாபாரிகள் எல்லோரும் வீட்டுப் பெண்களின் கழுத்தையும் கையையும் பார்த்த நேரம் அது. உங்கள் வட்டி முதல் முறை ஏறியது எந்த மாதம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வேறு மாதிரியும் நடந்திருக்கலாம். நீங்கள் அனுப்பிய பணத்தை அவர் கட்டாமலே இருந்து, ஒவ்வொரு வருடமும் வட்டியை முதலோடு சேர்த்துப் புதுப்பித்திருக்கலாம். 12 சதவீதத்தில் அப்படிச் சேர்ந்தால் ஒரு லட்சம் ஒன்பது வருடத்தில் 2,77,000 ரூபாய் ஆகும். இல்லாவிட்டால் நகையை அங்கிருந்து எடுத்து அதிக வட்டிக்கு வேறு கடையில் வைத்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் உங்களுக்குச் சொல்லவில்லை. உங்கள் தம்பி கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. கடை வாடகைக்குத் திண்டாடியிருப்பார், அக்காவிடம் சொல்ல வெட்கப்பட்டிருப்பார். ஆனால் வெட்கப்பட்டவர் உங்களிடம் சொன்னது பொய். அந்தப் பொய்க்கு மாதாமாதம் பணம் கட்டியது நீங்கள்.

மாயவரத்தில் என் அத்தை ஒருவர் அடகு ரசீதுகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சுருட்டி வைத்திருந்தார். பழைய ரசீதின் மேல் புதியது, அதன் மேல் இன்னொன்று, எல்லாம் ஒரே குண்டூசியில். அவர் இறந்த பிறகு நான்தான் அந்த ஊசியைக் கழற்றினேன். எல்லாவற்றிலும் நகை ஒன்றே, எடையும் ஒன்றே. தொகை மட்டும் 4,000, 6,500, 9,000 என்று ஏறியிருந்தது. ஊசி துருப்பிடித்து, தொகை எழுதிய இடத்திலேயே காகிதத்தில் பழுப்பாக வட்டம் விழுந்திருந்தது. அத்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட வராது. வட்டிக்குக் காசு கொடுத்தால் மாமா கட்டிவிட்டு வந்து காகிதத்தைக் கையில் கொடுப்பார், இவர் பத்திரமாகக் குத்தி வைப்பார். கடைசியில் நகை ஏலத்தில் போனது. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. உங்களுக்கு என்ன காரணம்?

காரணம் எனக்குத் தெரியும். கூடப்பிறந்தவனிடம் கணக்குக் கேட்டால் பாசம் போய்விடும் என்று சொல்லித்தான் நம் வீடுகளில் பெண்களை வளர்க்கிறார்கள். இந்தப் பேச்சு எனக்கு அறவே பிடிக்காது. ஒன்பது வருடம் வட்டி கட்டியவளுக்கு ரசீதைக் கேட்க உரிமை இல்லையென்றால் அது என்ன உறவு? இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நாளைக்கு உங்கள் மகள் கல்யாணத்தில் தட்டு நிறையச் சீர் எடுத்துக்கொண்டு முன்னால் வரவேண்டிய தாய்மாமன் அவர். அந்தப் பெண்ணுக்கென்று பாட்டி வைத்திருக்கும் நகையின் மேலேயே கடனை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். இதைக் கேட்காமல் விடுவதுதான் அக்காவின் கடமை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேட்பதுதான் கடமை. தம்பிக்கும் அதுதான் நல்லது.

உங்கள் கணவரின் கோபம் நியாயமானது. ஆனால் யோசனை தவறு. மூழ்கவிட்டால் என்ன நடக்கும்? 2025 அக்டோபரிலேயே பவுன் 90,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஏழு பவுன் என்றால் ஆறு லட்சத்துக்கு மேல். கடன் இரண்டரை லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் கொண்டுவந்த நகைக்கடன் விதிகளின்படி, முதல் ஏலத்தில் ஆரம்ப விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. கடன் போக மிஞ்சுவதை ஏழு வேலை நாளுக்குள் கடன் வாங்கியவருக்குத் திருப்பித் தர வேண்டும். ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் எல்லா நிறுவனங்களும் இந்த விதிகளுக்கு வர 2026 ஏப்ரல் 1 வரை கெடு கொடுத்திருந்தார்கள். நல்ல விதிதான். ஆனால் கடன் வாங்கியவர் யார்? ரசீதில் யார் பெயர்? ஏலத்தில் மிஞ்சும் மூன்று லட்சத்துச் சொச்சம் உங்கள் அம்மாவுக்கும் வராது, உங்களுக்கும் வராது. தம்பியின் கணக்குக்குப் போகும்.

சரி, என்ன செய்யவேண்டும் என்று சொல்கிறேன். தம்பிக்குப் பணம் அனுப்புவதை இந்த மாதமே நிறுத்துங்கள். அவரை ரசீதோடும் ஆதாரோடும் அந்தக் கிளைக்கு வரச்சொல்லி நீங்களும் போங்கள். ரசீதில் கடன் தொகை, வட்டி விகிதம், கடைசியாகப் புதுப்பித்த தேதி, கல்லும் அரக்கும் கழித்த நிகர எடை எல்லாம் இருக்கும். எடை 56 கிராமை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். வெகுவாகக் குறைந்திருந்தால் ஏதோ ஒரு உருப்படி அங்கே இல்லை என்று அர்த்தம். பழைய கணக்குகளின் விவரத்தையும் தம்பியை விட்டே கேட்டு வாங்குங்கள். அவர் பெயரில் இருப்பதால் உங்களிடம் தரமாட்டார்கள்.

அப்புறம் மூன்று மாதம். அதற்குமேல் இந்த நகைக்காக ஒரு ரூபாய்கூட வட்டியாகப் போகக்கூடாது. அந்த மூன்று மாதத்துக்கும் வட்டியைக் கிளையில் நேரில் கட்டி, ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டரை லட்சத்தை யாரிடமும் கைமாற்று வாங்கி மீட்காதீர்கள், அது இன்னொரு வட்டி. மூன்று வளையலை விற்றால் கடன் அநேகமாக அடைந்துவிடும். சேதாரம், உருக்குத் தேய்மானம் என்று கழித்தால் கொஞ்சம் துண்டு விழும், அதைக் கையிலிருந்து போடுங்கள். சங்கிலியும் ஒரு வளையலும் வீட்டுக்கு வந்துவிடும். கடனைக் கொஞ்சம் அடைத்தால் ஒன்றிரண்டு உருப்படியை மட்டும் விடுவிப்பார்களா என்று கிளையிலேயே கேளுங்கள். 'அடகு நகையை மீட்டு வாங்குகிறோம்' என்று சுவரில் எழுதியிருக்கும் கடைகளுக்குப் போனால், குறைந்தது இரண்டு இடத்தில் எடையையும் விலையையும் எழுத்தில் வாங்காமல் தலையாட்டாதீர்கள்.

எல்லா வளையலும் வேண்டும் என்று ஆசைப்படுவீர்கள். வேண்டாம். நீங்கள் இதுவரை கட்டிய ஒன்றே முக்கால் லட்சம் போனது போனதுதான். அதைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் நீங்கள் நிறுத்த முடியாமல் இருக்கிறீர்கள். ஞாபகம் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியாக அந்தச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தது எப்போது? உங்கள் மகளுக்கு அதன் வடிவமாவது தெரியுமா?

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். முதல் ஒரு லட்சம் அம்மா மனமுவந்து கொடுத்தது, அதைப் பேசவேண்டாம். அதற்கு மேல் ஏறிய ஒன்றரை லட்சம் அவருடைய கடன், அம்மாவுக்குத் தரவேண்டியது. நீங்கள் அனுப்பி வந்த அதே 2,500 ரூபாயை இனி அவர் மாதாமாதம் அம்மாவின் தபால் ஆபீஸ் கணக்கில் போடட்டும். ஐந்து வருடத்தில் அடையும். நீங்கள் அனுப்பியதை அவர் கட்டவே இல்லை என்று தெரிந்தால் அந்த ஒன்றே முக்கால் லட்சத்தையும் உங்களுக்குத் தரவேண்டியவர் அவர். கடையில் வியாபாரம் இல்லை என்பார். இருக்கலாம். ஆயிரமாகவாவது போடட்டும், அவர் கையால் போடட்டும்.

இத்தனைக்கும் முன்னால் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. அம்மாவிடம் சொல்லுங்கள். எந்த வளையலை விற்பது, எதை வைப்பது என்று நீங்களும் கணவரும் தம்பியும் முடிவு செய்ய முடியாது. அவர் உயிரோடு இருக்கும்வரை அது அவருடைய சொத்து. 74 வயதில் இதைத் தாங்குவாரா என்று பயப்படுவீர்கள். மகனுக்காக வளையலைக் கழற்றிக் கொடுத்தவர் தாங்குவார். நகை பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டே அவர் போய்ச்சேர்ந்துவிட்டால், அதற்கப்புறம் உங்களால் தாங்க முடியாது.

கரூரிலிருந்து திண்டுக்கல் ஒன்றும் தூரம் இல்லை. கிளைக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், கண்ணாடியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நகையை மீட்டு மேஜையில் பையைப் பிரித்துக் கொட்டும்போது, இது தன் வளையல்தானா என்று சொல்லக்கூடியவர் உங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான்.