இயங்குதளக் கருவிகள் தனி நிரல்களாக இருக்க வேண்டுமா, பகிர்வு நூலகங்களாக (மற்ற நிரல்கள் தமக்குள் இணைத்துக்கொள்ளும் நிரல்தொகுப்புகளாக) இருக்க வேண்டுமா?

தனி நிரலாக எழுதுவதே இயல்பான தேர்வு. நூலகமாக்க விரும்புபவர்தான் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

தனி நிரலுக்கு விலை இல்லாமல் இல்லை. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ், மூலநிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் (Git) என்ற கருவியைத் தொடங்கியபோது, அது சிறுசிறு நிரல்களும் அவற்றைக் கோக்கும் ஷெல் ஸ்கிரிப்டுகளுமாகவே இருந்தது. லினக்ஸில் இது பெரிதாக உறுத்தவில்லை. ஆனால் புதிய செயல்முறையைத் தொடங்கவே அதிக நேரம் பிடிக்கும் விண்டோஸில் இந்த ஸ்கிரிப்டுகள் மந்தமாகவே ஓடின. ஸ்டேஷ், ரீபேஸ் போன்ற கட்டளைகள் சி மொழிக்கு மாற்றப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். நிரலின் வெளியீட்டைப் படித்துப் பிரிப்பதும் எளிதன்று. ‘அ’ என்று பெயரிட்ட கோப்பை ‘கிட் ஸ்டேட்டஸ்’ கட்டளை இயல்பாக அதன் பைட்டுகளின் எண்களாக, ‘\340\256\205’ என்றே காட்டும் என்பது, தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்குத் தெரிந்த எரிச்சல்தான்.

அப்படியானால் நூலகமாக்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் கிட்டின் மூலநிரல், சரிசெய்ய முடியாத பிழை நேர்ந்தால் ஒரு செய்தியை அச்சிட்டுவிட்டு முழுச் செயல்முறையையும் முடித்துவிடும்படி எழுதப்பட்டது. தனி நிரலுக்கு அது நியாயமான நடத்தை. அதையே ஓர் எடிட்டருக்குள் இணைத்தால், கிட் தன் பதிவுகளை வைத்திருக்கும் களஞ்சியத்தில் உள்ள ஒரு பழுது சேமிக்கப்படாத வேலையோடு எடிட்டரையும் சாய்த்துவிடும். ஆகவே கிட்டின் வேலையைச் செய்யும் லிப்கிட்2 என்ற நூலகம் தனியாக, புதிதாக எழுதப்பட்டது. அதன்பின் கிட்டில் வரும் புதிய வசதிகளை அங்கே மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது.

இதற்கு நடுவழி ஒன்று கிட்டுக்குள்ளேயே இருக்கிறது. ‘கேட்-ஃபைல்’ கட்டளையை ‘பேட்ச்’ முறையில் ஒருமுறை தொடங்கிவிட்டு, அதன் உள்ளீட்டில் பொருள்களின் (கிட் சேமித்து வைக்கும் தரவுத் துண்டுகளின்) அடையாளங்களை ஒவ்வொன்றாக எழுதினால், அது உள்ளடக்கங்களைத் திருப்பித் தந்துகொண்டே இருக்கும். தொடக்கச் செலவு ஒருமுறையோடு முடிகிறது. நினைவகமும் தனித்தனியாகவே இருக்கிறது. பைட்டுகளை வாங்கிப் பைட்டுகளைத் தரும் தூய கணக்கீடு மட்டும் நூலகமாகவே இருக்கட்டும். ஒவ்வொரு பொருளையும் சுருக்க ஒரு நிரலைத் தொடங்குவது அபத்தம். கிட்டும் அதற்கு ஸீலிப் நூலகத்தைத்தான் அழைக்கிறது.

வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது நம்பிக்கை. நூலகத்தை இணைக்கும்போது, அது சார்ந்திருக்கும் மற்ற நூலகங்களும் நம் நிரலின் முழு உரிமைகளோடு உள்ளே வந்துவிடுகின்றன. 2024 மார்ச்சில், தரவைச் சுருக்கும் எக்ஸ்இசட் (XZ) தொகுப்பின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழைய வைக்கப்பட்ட வழி) கண்டுபிடிக்கப்பட்டது. தொலைவிலிருந்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் (OpenSSH) அந்தத் தொகுப்பைப் பயன்படுத்தவே இல்லை; லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கு (systemd) ‘தயார்’ என்று தெரிவிப்பதற்காகச் சில லினக்ஸ் வழங்கல்கள் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் லிப்சிஸ்டம்டி என்ற நூலகத்தை ஒட்டியிருந்தன, அதன் வழியாகவே எக்ஸ்இசட் தொகுப்பின் நூலகமான லிப்எல்இசட்எம்ஏ உள்ளே வந்தது. உண்மையில் தேவைப்பட்டதோ ஒரு சாக்கெட்டில் ‘ரெடி=1’ என எழுதுவது மட்டும். அதே ஆண்டு ஜூலையில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8, எந்த நூலகமும் இல்லாமல் அதைத் தானே செய்கிறது. இணைப்புகளுக்குக் காத்திருக்கும் பகுதியையும் ஒவ்வோர் அமர்வையும் கையாளும் பகுதியையும் அதே பதிப்பில் இரண்டு தனி நிரல்களாகவும் பிரித்துவிட்டார்கள்.